வரிக் கழிவுக்கு வந்த ஞானமகள்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதிலும் தமிழில் வாங்கிய மதிப்பெண்ணை என் பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் 'வாங்க' என்று சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தைக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் நாலு பேர் படிக்கும்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்தில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாயால் மறுத்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டு. அதில் நான் எடைமேடை எழுத்தர். லாரி மேடையில் ஏறி நிற்கும். திரையில் எடை தெரியும். சீட்டை அடித்து ஜன்னல் வழியாக நீட்டுவேன். டிரைவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இருபத்து மூன்று வருடங்களாக இதே ஜன்னலில் உட்கார்ந்திருக்கக் காரணம் சம்பளம் மட்டும் இல்லை, யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதும்தான்.

வருமான வரி எனக்குப் புரிந்ததே இந்த வேலையால்தான். உப்பு ஏற்றிய லாரி மேடையில் நிற்கும்போது தெரிவது மொத்த எடை. அதில் வெறும் லாரியின் எடையைக் கழித்தால் உப்பின் எடை. சம்பளமும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளின் படிப்புக் கட்டணம், காப்பீடு, பி.எஃப்., எல்லாவற்றையும் மொத்தச் சம்பளத்தில் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி. அதாவது என் குடும்பம்தான் லாரி. லாரி போக மிஞ்சுகிற உப்புக்கு வரி. உப்பு ஏதும் மிஞ்சியதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் கணக்கு அதுதான்.

இந்த எண்ணம் பிடித்துப்போனதால் கண்ணில் பட்ட ரசீதையெல்லாம் சேர்த்துவைப்பேன். ஒவ்வொரு ஜனவரியிலும் அலுவலகத்தில் கழிவுக்கான ஆதாரங்களைக் கேட்பார்கள். மற்றவர்கள் நாலு தாள் கொடுப்பார்கள். நான் ஒரு பை கொடுப்பேன். பாதி திரும்பி வந்துவிடும். இளையவளின் பள்ளி வேன் கட்டணம் திரும்பி வந்தது. கற்பிக்கும் கட்டணம் மட்டும்தான் கணக்கில் வருமாம், பிள்ளை பள்ளிக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பது அரசாங்கத்துக்குத் தேவையில்லையாம். மூத்தவளைக் கல்லூரியில் சேர்க்கும்போது வாங்கிய 'வளர்ச்சி நிதி' ரசீதும் திரும்பி வந்தது. ஒரு வருடம் எங்கள் ஊரில் மாதா கோயிலுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டுகிற தலைக்கட்டு வரியின் ரசீதையும் வைத்துவிட்டேன். அதைத் திருப்பித் தந்தவர் நிமிர்ந்து ஒரு பார்வை மட்டும் பார்த்தார்.

எல்லாவற்றிலும் வீட்டில் பெரிய விவகாரமானது மாமியாரின் மருத்துவக் காப்பீடுதான். பெற்றோருக்குக் கட்டினால் கழிவு உண்டு, மனைவியின் பெற்றோருக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். "அரசாங்கத்துக்கு ஒங்கம்மாவை எனக்குச் சொந்தமாத் தெரியலையாம்" என்று மனைவியிடம் சொன்னேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். இரண்டு நாள் என் தட்டில் மீன் துண்டு விழவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு ஒரு சேக்காளி உண்டு. திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு வைத்திருக்கிறான். ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்கும் சேர்த்து அவன்தான் பேசுவான். அவனுடைய ஒரே மகளுக்கு நான் ஞானத்தகப்பன். பிறந்து ஒரு மாதத்தில் அவளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. இந்தப் பிள்ளையை வளர்ப்பதில் பெற்றோருக்குத் துணையாக இருப்பாயா என்று சாமியார் என்னைக் கேட்டார். இருப்பேன் என்றேன். காதில் விழவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். கோயிலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்க, இரண்டாவது தடவை சொன்னேன். அப்படி ஊரறியச் சொன்ன சொல் என்பதால் அது எனக்கு மறப்பதில்லை. அன்று என் மனைவிக்கு ஆறாம் மாதம். அந்தப் பிள்ளை பிறந்து நான்கு மாதம் கழித்து என் மூத்தவள் பிறந்தாள். இந்த நான்கு மாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததுதான் தப்பாகிவிட்டது.

ஞானமகள் இப்போது நர்சிங் கடைசி வருடம். போன வருடம் சேக்காளியின் படகு எஞ்சின் போய்விட்டது. கையில் இருந்ததையெல்லாம் போட்டுப் புது எஞ்சின் மாட்டினான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, மகளுடைய கடைசி வருடக் கட்டணத்தை நீ பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான். நான் 'பாக்கலாம்' என்றேன். மற்றவர்கள் 'பாக்கலாம்' என்றால் முடியாது என்று பொருள். நான் சொன்னால் முடிந்தது என்று பொருள். அது அவனுக்கும் தெரியும்.

கட்டணம் இரண்டு தவணை. நவம்பரில் எங்களுக்குச் சம்பள உயர்வின் பழைய பாக்கி மொத்தமாக வந்தது. அதில் முதல் தவணையைக் கட்டிவிட்டேன். இரண்டாவது தவணைக்கு ஜனவரி முப்பத்தொன்று கடைசி நாள். கட்டாவிட்டால் தேர்வுக்கு ஹால் டிக்கெட் தர மாட்டார்கள். ஜனவரிச் சம்பளம் முப்பதாம் தேதி வரும், மறுநாளுக்குள் கட்டிவிடலாம் என்று இருந்தேன். அப்போது அலுவலகத்திலிருந்து கைப்பேசிக்கு ஒரு தகவல் வந்தது. பழைய பாக்கி வந்ததால் என் வருட வருமானம் கூடிவிட்டது, அதனால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் சம்பளத்தில் கூடுதல் வரி பிடிக்கப்படும். தொகையைப் பார்த்தேன். அந்தத் தொகை போனால் இரண்டாவது தவணை போயிற்று.

கடன் கேட்கலாம். கடன் கேட்க வாயைத் திறக்க வேண்டும். நகை வைக்கலாம். நகை ஏற்கெனவே மூத்தவளின் எம்.காம். படிப்புக்காக வங்கியில் இருந்தது. வேறு கழிவு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ரசீதுப் பையைத் தரையில் கொட்டித் தேடினேன். ஞானமகளுக்கு நான் கட்டிய முதல் தவணை ரசீது கிடைத்தது. கல்லூரி முத்திரை, கற்பிக்கும் கட்டணம் தனியாக, விடுதிக் கட்டணம் தனியாக. இவ்வளவு சுத்தமான ரசீது என் பைக்கு வந்ததே இல்லை. மூன்றாவது பிள்ளைக்கும் கட்டியிருக்கிறேன், அதையும் கழிக்கட்டுமே என்று நினைத்தேன்.

எங்கள் அலுவலகத்தில் இந்த விவரத்தைக் கணினியில்தான் ஏற்ற வேண்டும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, உறவு. உறவு என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விழும். மகன், மகள், மனைவி, கணவர், தந்தை, தாய். அவ்வளவுதான். ஞானமகள் என்று ஒன்று இல்லை. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். பட்டியலில் இல்லாத சரக்கு வந்தால் எடைமேடையில் அதற்கு மிக நெருங்கிய பெயரைப் போடுவோம். 'மகள்' என்பதைத் தொட்டேன்.

இரண்டு நாள் கழித்து உள்தொலைபேசியில் கணக்குப் பிரிவுக்கு வரச்சொல்லி அழைப்பு. அங்கே புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரப் பெண். இருபத்தெட்டு வயது இருக்கும். மரியாதையானவர். அந்த அறையில் கேஷியரும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்களுக்கு மூணு பொண்ணுங்களா சார்?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றேன். பிறகு கணினியில் ஏற்றியது நினைவுக்கு வந்து, "மூணு" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். "மூத்த பொண்ணு மார்ச்சுலங்க. அடுத்த பொண்ணு அதே வருஷம் ஜூலையில."

"ஆமா."

"ரெட்டைப் பிள்ளைங்க இல்லீங்களே?"

"இல்ல."

"அப்போ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் விளக்கியிருக்க வேண்டும். இரண்டே வரி. அந்த இரண்டு வரியும் தொண்டைக்கு வந்தன. ஆனால் கேஷியர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மற்ற இரண்டு பேரின் நாற்காலிச் சத்தமும் நின்றது. மூன்று பேர் கேட்கிறார்கள் என்றால் எனக்கு வரிசை குழம்பிவிடும். கடைசி வரி முதலில் வந்தது.

"மூத்தவ நம்ம வீட்டுல இல்ல. திரேஸ்புரத்துல இருக்கா" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "சாரி சார். அது உங்க சொந்த விஷயம். நான் கேட்டிருக்கக் கூடாதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா சட்டப்படி ரெண்டு பிள்ளைங்க கட்டணத்துக்குத்தாங்க கழிவு. எந்த ரெண்டு பேருங்கறத நீங்களே வீட்டுல கலந்து பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார்.

நான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இப்போது நினைத்தால், அதைவிட மோசமான பதில் ஒன்று இருந்திருக்க முடியாது.

அன்று மதியத்திலிருந்து யார்டில் ஏதோ மாறியது. என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்று வருடங்களாக எனக்கு வரும் தேநீர், எல்லோருக்கும் ஊற்றிய பிறகு கேனின் அடியில் இருப்பது. அன்று இஞ்சி தட்டிப் போட்டுத் தனியாகக் கண்ணாடி டம்ளரில் வந்தது. வாசலில் செக்யூரிட்டி எழுந்து நின்றார். முன்பெல்லாம் என் இரு சக்கர வாகனத்துக்குக்கூடக் கதவை முழுதாகத் திறக்காதவர் அவர். மறுநாள் கிரேன் ஓட்டுகிறவர் எடைமேடை ஜன்னலுக்கு வந்து, சும்மா சாய்ந்து நின்று என்னையே சற்று நேரம் பார்த்தார். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். சம்பள உயர்வு வந்ததால் மரியாதையும் உயர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் கேன்டீன்காரர்தான் விஷயத்தை உடைத்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கப்பிடாது. ஒரே சம்பளத்துல ரெண்டு வீட்டையும் எப்படி ஓட்டுதிய?"

"எந்த ரெண்டு வீடு?"

"எங்கிட்ட எதுக்கு மறைக்கிய? யார்டு பூரா சொல்லுதாவ. எனக்கு ஒரு வீட்டுக்கே முழி பிதுங்குது. அதான் கேக்கேன்."

எனக்கு அப்போதுதான் மார்ச்சும் ஜூலையும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. கையிலிருந்த சீட்டில் எடையைத் தப்பாக அடித்துவிட்டேன். ஒரு லாரி உப்பு நாற்பது கிலோ குறைந்துபோய், டிரைவர் திரும்பி வந்து சத்தம் போட்டார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாப்பிடும்போது, சாப்பிட்டு முடித்தபின், பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவில் என்று மூன்று முறை ஆரம்பித்தேன். கடைசியில் சொன்னேன். ஊர் முழுக்க எனக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று.

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள். சுவரில் சாய்ந்து சிரித்தாள். பிள்ளைகள் ஓடிவந்து என்ன என்று கேட்டார்கள். அவர்களிடம் சொல்லி, அவர்களும் சிரித்தார்கள்.

"ஒங்களுக்கா?" என்றாள். "வாசல்ல நிக்க கொரியர்காரன்கிட்ட பேனா கேக்க வெக்கப்பட்டு, உள்ள வந்து அரை மணி நேரம் தேடுன ஆளு நீங்க. அவன் பேனா கையிலதான் வச்சிருந்தான்."

சந்தேகப்படுவாள், அழுவாள், விளக்கம் கேட்பாள் என்றெல்லாம் பயந்துகொண்டு போனவனுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். நிம்மதிதான். ஆனால் அவ்வளவு நேரம் சிரித்திருக்க வேண்டியதில்லை.

சிரித்து முடித்ததும் அவளே வழி சொன்னாள். கோயிலின் பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் காட்டுங்கள், அதில் ஞானத்தகப்பன் என்று உங்கள் பெயர் இருக்கும், பெயரும் மீளும், கழிவும் கிடைக்கும் என்றாள். எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. எங்கள் கடற்கரையில் அந்தச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நடந்ததில்லை. பள்ளியில் சேர்க்க அதுதான். கல்யாணத்துக்கு அதுதான். என் தம்பி கப்பல் வேலைக்குப் போகும்போது எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியில் முதலில் வைத்தது அதைத்தான். வருமான வரிக்காரர்கள் மட்டும் அதை ஏற்காமல் போவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

பங்கு அலுவலகத்தில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பேரேட்டைப் புரட்டியபடி, எதற்கு என்று கேட்டார். காரணம் என்ற இடத்தில் எழுத வேண்டுமாம். வருமான வரிக்கு என்றேன். அவர் எழுதவில்லை. எழுந்து உள்ளே போய்ச் சாமியாரையே அழைத்துவந்துவிட்டார்.

இப்போதைய சாமியார் இளவயதுக்காரர். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். திருமணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், சாமியாராகப் படிக்கக் குருமடத்தில் சேரக் கேட்டிருக்கிறார்கள், வரித் துறைக்கு இதுவே முதல் தடவை என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். சான்றிதழோடு கோயில் முகவரி அச்சிட்ட தாளில் ஒரு கடிதமும் தருவதாகச் சொல்லி, தன் கையாலேயே எழுதினார். இவர் இப்பெண்ணின் ஞானத்தகப்பன் என்றும், இவளுடைய விசுவாச வாழ்வுக்கு இவரே பொறுப்பு என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்தார். இதைவிட உறுதியான தாள் உலகத்தில் இல்லை என்று பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியே சேக்காளி நின்றான். யார்டில் சுமை ஏற்றுகிற ஒருவர் அவன் தெருக்காரர். செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏலே, எம்மவள ஒங் கணக்குல ஏத்திட்டியாமே" என்றான். "சரி, ஏத்துனது ஏத்திட்ட. அப்படியே கல்யாணச் செலவையும் ஏத்திக்க."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. சான்றிதழைக் கையில் வாங்கி, தன் பெயரும் என் பெயரும் ஒரே தாளில் இருப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, நெசமாச் சொல்லு. ரெண்டாந் தவணை கையில இல்லதான? அதுக்குத்தான இந்தப் பாடு படுத?"

நான் சான்றிதழை வாங்கக் கையை நீட்டினேன். அவன் தரவில்லை.

"இல்லன்னா சொல்லிரு. எஞ்சினை வித்துருதேன். கேட்டு ஒருத்தன் நிக்கான்."

அந்த எஞ்சின் போனால் அவன் வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். நான் "பாக்கலாம்" என்றேன். இந்த முறை என்ன பொருளில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனான்.

ஆதாரங்கள் கொடுக்க ஜனவரி இருபது கடைசி. அன்று காலை கணக்குப் பிரிவு திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். கேஷியர் வருவதற்குள் பேசிவிட வேண்டும் என்று எண்ணம். ஆனால் கேஷியரும் சீக்கிரமே வந்திருந்தார். நான் வருவேன் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

இந்த முறை பேசவே இல்லை. சான்றிதழையும் கடிதத்தையும் மேசைமேல் வைத்தேன். அந்தப் பெண் சான்றிதழை ஒரு முறை வாசித்தார். தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தகப்பன் பெயர். விரலை வைத்துத் திரும்பவும் வாசித்தார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஐயோ சார். இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

அன்றைக்கே சொல்லத்தான் இருந்தேன் என்றேன். கேஷியர் எழுந்து வந்து சான்றிதழை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை நான் மறக்க மாட்டேன். ஏதோ அவருக்கு வர வேண்டிய பங்கை நான் எடுத்துக்கொண்டதுபோல் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

கழிவு உண்டா என்று கேட்டேன். அந்தப் பெண் சாமியாரின் கடிதத்தை எடுத்து, ஒரு சட்டப் புத்தகத்தைப் படிப்பதுபோல் கவனமாகப் படித்தார்.

"விசுவாசத்துக்கு நீங்க பொறுப்புன்னு போட்டிருக்காருங்க. பீஸுக்குப் பொறுப்புன்னு போடலையே" என்றார்.

போடச் சொல்லி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். வேண்டாம் என்று சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்து விளக்கினார். படிப்புக் கட்டணக் கழிவு சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும், அதிலும் இரண்டு பேருக்கு. மனைவிக்கும் வரி கட்டுகிற அளவு வருமானம் இருந்தால், அவர் தன் பங்குக்கு வேறு இரண்டு பிள்ளைகளைக் காட்டலாம். வங்கியில் கல்விக் கடன் வாங்கி வட்டி கட்டினால், அந்த வட்டிக்கு வேறு விதி. அதில் பாதுகாவலர் என்று ஒரு வகை உண்டு. ஆனால் அது சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாவலர், கோயிலில் நியமித்தவர் இல்லை. எனக்குச் சேக்காளியின் எஞ்சின்தான் நினைவுக்கு வந்தது.

பிறகு அவர் திரையில் எதையோ பார்த்துவிட்டு, "இன்னொண்ணுங்க சார்" என்றார். இந்தக் கழிவுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டாம். என் பி.எஃப்., ஆயுள் காப்பீடு, என் சொந்தப் பிள்ளைகளின் கட்டணம், இவற்றிலேயே அந்த வரம்பு அக்டோபர் மாதமே நிறைந்துவிட்டதாம். அதற்கு மேல் எந்தப் பிள்ளையைக் காட்டினாலும், சொந்தப் பிள்ளையே ஆனாலும், ஒரு ரூபாய்கூடக் குறையாது.

அதாவது, ஞானமகளை ஏற்றியிருந்தாலும் ஒன்றுதான், ஏற்றாவிட்டாலும் ஒன்றுதான். நிறைந்த லாரியில் பெட்டியை ஏற்ற நான் கீழே நின்று தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்காக யார்டு முழுக்கப் பெயர் கெட்டு, பங்குச் சாமியாரைக் கடிதம் எழுத வைத்து, சேக்காளியைத் தெருவில் நிறுத்தியிருக்கிறேன்.

எழுந்துவிட்டேன். நன்றி சொல்லி வாசல் வரை வந்தவனை அந்தப் பெண் திரும்பக் கூப்பிட்டார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். நீங்க ஏன் இன்னும் பழைய முறையிலயே இருக்கறீங்க?"

எங்களுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் பழைய வரி முறையா, புதிய வரி முறையா என்று கேட்டு ஒரு தகவல் வரும். நான் எப்போதும் பழையது என்று போட்டுவிடுவேன். புதியதில் ரசீது எதுவும் வேண்டாம் என்று எழுதியிருக்கும். அவ்வளவு ரசீதை வைத்துக்கொண்டு வேண்டாம் என்கிற பக்கம் போக மனம் வரவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. கேட்பது என் வழக்கம் இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை. "பழகிட்டு" என்று மட்டும் சொன்னேன்.

அவர் இரண்டு மூன்று எண்களைத் தட்டினார். திரையை என் பக்கம் திருப்பினார். புதிய முறையில், பழைய பாக்கியையும் சேர்த்தே, என் சம்பளத்துக்கு வரி என்ற இடத்தில் சைபர் இருந்தது. எடைமேடையில் சைபர் என்றால் மேடையில் லாரி இல்லை என்று பொருள். நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

எங்கள் கம்பெனியில் ஆதாரம் கொடுக்கிற கடைசி நாள் வரை முறையை மாற்றிக்கொள்ள விடுகிறார்களாம். இன்றுதான் அந்தக் கடைசி நாள் என்றார். மாற்றிவிட்டால் மூன்று மாதப் பிடித்தமும் இருக்காது, இதுவரை பிடித்தது ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும் என்றார். போன வருடங்களைப் பற்றிக் கேட்டேன். அதைப் பற்றி நினைக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது என்றார்.

மாற்றச் சொன்னேன். அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். பிள்ளைகள் விவரம் இருந்த பக்கம் மறைந்துவிட்டது. மார்ச்சில் பிறந்தவளும், ஜூலையில் பிறந்தவளும், பிளஸ் ஒன் படிக்கிற இளையவளும் ஒரே நொடியில் காணாமல் போனார்கள். புது முறையில் யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பதே இல்லையாம்.

வெளியே வந்தபோது கேஷியர் எனக்கு முன்பே கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். மதியம் தேநீர் வந்தது. பழைய தேநீர், பேப்பர் கப்பில். கேன்டீன்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இவ்வளவுதானா அண்ணாச்சி?" என்றார்.

"இவ்வளவுதான்" என்றேன்.

"நான் ஒங்களப் பத்தி வீட்டுல எவ்வளவு பெருமையாப் பேசியிருந்தேன் தெரியுமா?" என்று சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு போனார்.

சம்பளம் முப்பதாம் தேதி மாலை முழுதாக வந்தது. மூத்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கைப்பேசியிலேயே கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினேன். பணம் செலுத்துபவர் யார் என்ற இடத்தில் பட்டியல் எதுவும் விழவில்லை, நாமே எழுதிக்கொள்ளலாம். மூத்தவள் என்ன எழுத என்று கேட்டாள். ஞானத்தகப்பன் என்று எழுதச் சொன்னேன். அது ஏற்றுக்கொண்டது.

சேக்காளிக்குப் போன் செய்து கட்டியாயிற்று என்றேன். எஞ்சினைக் கேட்டவனிடம் என்ன சொல்ல என்றான். படகு ஓடும் என்று சொல் என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போனை யார் வைப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் வைத்திருந்தோம்.

மறுநாள் சனிக்கிழமை. கல்லூரி அலுவலகம் பகல் ஒரு மணி வரை திறந்திருந்தது. ஞானமகள் பதினொரு மணிக்குப் போய் ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.